அனோஜாவின் வால்நட் பலகை

அனோஜாவுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. தேநீர் குடிக்கும்போதுகூடப் பெருவிரல் கோப்பையின் விளிம்பைச் சுற்றிக்கொண்டே இருக்கும். எங்காவது ஒரு பிசிறு தட்டுப்பட்டால் போச்சு, அன்றைக்கு அந்தத் தேநீர் தொண்டையில் இறங்காது. பஸ்ஸில் போனால் முன்னிருக்கைக் கம்பியைத் தடவுவாள். மாதா கோவிலில் பூசை நடக்கும்போது பெஞ்சின் ஓரத்தைத் தடவுவாள். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார வைத்தால் மேசைக்கு அடியில் கையை விட்டுப் பார்த்து, "தேய்க்காமலே அடிச்சு வச்சிருக்கானுங்க" என்று பக்கத்து இலைக்காரரிடம் குறை சொல்வாள். "கையை மடியில வச்சுக்கிட்டு இருடி" என்று சொல்லிச் சொல்லியே அவளுடைய அம்மா ஓய்ந்துபோனார்.

மலையகத்தில் றொசல்லைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். அம்மா கொழுந்து எடுத்தார். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை பார்த்தார். பச்சைக் கொழுந்தை நீளத் தொட்டிகளில் கம்பிவலை மேல் பரப்பி, கீழேயிருந்து காற்றை ஊதி, ஈரம் வற்ற வைக்கும் வேலை அது. பள்ளிக்கூடம் முடித்ததும் அனோஜா எல்லோரையும் போலக் கொழும்புக்கு ரயிலேறினாள். உடுப்புத் தைக்கும் இடம், பேக்கரி, போன் கடை என்று ஒவ்வொன்றாகப் புகுந்து புறப்பட்டாள். எந்த முதலாளியும் அவளை வேலையை விட்டு நிறுத்தவில்லை. அவளுக்குத்தான் ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை.

கடைசியில் வெளிநாட்டு ஓடருக்கு மின்சாரக் கிட்டார் செய்யும் ஒரு பட்டறையில் போய் நின்றாள். உப்புத்தாள் தேய்க்கும் பகுதியில் போட்டார்கள். விரலால் தடவுவது, மேடு கண்டால் தேய்ப்பது, மறுபடி தடவுவது, இதுதான் வேலை. பிறந்ததிலிருந்து திட்டு வாங்கித் தந்த பழக்கத்துக்கு அங்கே சம்பளம் கொடுத்தார்கள். அதனால்தான் அந்த ஒரு வேலையில் வருஷக்கணக்காக நிலைத்தாள்.

பிரதாப்பை அவள் பார்த்ததும் அங்கேதான். பொகவந்தலாவைக்காரன், பேஸ் கிட்டார் வாசிப்பவன், தன் வாத்தியத்தைப் பழுதுபார்க்கக் கொண்டுவந்திருந்தான். அவள் அப்போது தேய்த்து முடித்திருந்தது வால்நட் மரத்தில் செய்த ஒரு பேஸ். கேக்கில் போடுகிறார்களே, மூளை மாதிரிச் சுருங்கிய பருப்பு, அது காய்க்கும் மரம். இலங்கையில் வளராது, கப்பலில்தான் வரவேண்டும். நல்ல சொக்லேட் நிறத்தில் ஊதா ஓடியிருக்கும். பிரதாப் கேட்டு வாங்கினான். மின்சாரத்தில் செருகவில்லை. தாடையைக் கிட்டாரின் உடம்பில் மேலே நீண்டிருக்கும் மேல்கொம்பில் ஒட்டி வைத்துக்கொண்டு ஆகத் தடித்த கம்பியை ஒருதரம் சுண்டினான். எலும்பு வழியாகக் கேட்பது பேஸ்காரர்களின் வழக்கம்.

"அடித்தொண்டையில பேசுது, ஆனா ஒவ்வொரு சொல்லும் தெளிவா கேக்குதுங்க" என்றான். "மத்த மரத்துல இந்தத் தடிச்ச கம்பி கொழகொழன்னு போயிரும். இது போகல."

"மரம் கொண்டாங்க, ஒண்ணு செஞ்சு தாறேன்" என்றாள் அனோஜா. மரம் வரவில்லை, கல்யாணம்தான் வந்தது.

நாடு நெருக்கடியில் தள்ளாடிய வருஷம் பட்டறையை மூடினார்கள். இருவரும் மலைக்கே திரும்பினார்கள். ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஏறிப்போகும் சந்தில் ஓர் அறை எடுத்து, அனோஜா கிட்டார் திருத்தினாள். பிரதாப், கஜேந்திரன் என்பவர் நடத்தும் இசைக்குழுவில் வாசித்தான். கல்யாணம், திருவிழா, பாடசாலைக் கலைவிழா என்று வாரக் கடைசிகள் நிரம்பியிருந்தன. போன வருஷம் மழையில் ஒரு வளைவில் குழுவின் வேன் சறுக்கி ரோட்டோர வடிகானுக்குள் விழும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

பிரதாப்பின் இடப்பக்கக் காறையெலும்பு உடைந்தது. தகடு வைத்துத் திருகினார்கள். அவனுடைய பேஸின் உடம்பும் அதே விபத்தில் இரண்டாகப் பிளந்தது. கழுத்து, கம்பிகள், காந்தங்கள் மட்டும் தப்பின. எலும்பு பொருந்திய பிறகும் அவன் வாத்தியம் பக்கம் போகவில்லை. குழுவில் ஒருவர் இரவல் பேஸ் கொண்டுவந்து கொடுத்தார். வாரைத் தோளில் மாட்டிய மாத்திரத்தில் முகம் வெளிறிக் கழற்றி வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அந்தத் தோளை யாரையும் தொடவிடவில்லை. அனோஜாவையும்தான். கண்டதையெல்லாம் தடவிப் பார்க்கும் பெண்ணுக்குச் சொந்தப் புருஷனின் தோள் தடை. படுக்கையில் அவன் சுவர்ப்பக்கம் ஒதுங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குக் கோபம் வரும், கோபத்துக்குப் பின்னால் அழுகை வரும்.

கஜேந்திரன் கெட்டவரில்லை. வீடு தேடி வந்துதான் சொன்னார். "தம்பி வரும் வரைக்கும் பேஸ நான் கீபோர்டுல இடது கையாலயே வாசிச்சுச் சமாளிக்கிறேன், தங்கச்சி. ஆனா பங்குனித் திருவிழாவுக்கும் வரலைன்னா அப்புறம் அப்படியே பழகிரும். நாலு பேரோட போறது வேனுக்கும் வசதின்னு பயலுக இப்பவே பேசுறானுங்க."

பிரதாப் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தான். வெளியே வரவில்லை. திருவிழாவைத் தாண்டினால் இவன் இனி எடுக்கவே மாட்டான் என்று அனோஜாவுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது.

மரம் கிடைத்தது ஒரு வேடிக்கையான இடத்தில். பழைய துரை பங்களாவொன்றை உல்லாசப் பயணிகள் தங்கும் விடுதியாக்கியிருந்தார்கள். அங்கே ஒரு கிட்டாரைத் திருத்திக் கொண்டுபோய்க் கொடுத்தாள். சமையல்காரர் மாயாண்டி பின்னறையில் படுக்கை விரிப்புகளுக்கு அயன் போட்டுக்கொண்டிருந்தார். பேசிக்கொண்டே அனோஜாவின் கை வழக்கம்போல அயன் பண்ணும் பலகைக்கு அடியில் போனது. போன கை நின்றுவிட்டது.

"இது என்னா பலகைங்க?"

"அதுவா? சாப்பாட்டு மேசைக்கு நடுவுல சொருகுற பலகைம்மா. அந்தக் காலத்துல விருந்தாளி கூடினா மேசைய இழுத்து இத வைப்பாங்களாம். மேசைய யாரோ கொழும்புக்குக் கொண்டு போயிட்டாங்க. இது இங்கனயே கெடந்துச்சு. நான் கம்பளியச் சுத்தி அயன் பண்ணுறேன்."

கம்பளியை விலக்கிப் பார்த்தாள். மேலே மெல்லிய மரச்சீவல் ஒட்டிய ஏமாற்று மரம் இல்லை, முழுப்பலகை. வெயிலில் இருக்கும் வால்நட் வருஷம் போகப் போக வெளுக்கும். இது கம்பளிக்குள் கிடந்ததால் கருமை குறையாமல் இருந்தது. இரண்டாக அறுத்து ஒன்றின்மேல் ஒன்று ஒட்டினால் ஒரு பேஸின் உடம்புக்குச் சரியாக வரும். ஒன்றே ஒன்றுக்குத்தான். மறுநாளே ஒட்டுப்பலகையில் கால்வைத்து, மடக்கி விரிக்கும்படி புதிதாக ஓர் அயன் பலகை செய்து சுமந்து போய்க் கொடுத்து, இதைத் தூக்கி வந்தாள். மாயாண்டிக்குத் தான்தான் ஏமாற்றிவிட்டதாகச் சந்தோஷம்.

விஷயம் தெரிந்ததும் கஜேந்திரன் தலையில் அடித்துக்கொண்டார். "கரண்டுல ஓடுற சாமானுக்கு மரம் எதுவா இருந்தா என்னா? கம்பி ஆடுது, காந்தம் பிடிக்குது, பெட்டி கத்துது. அம்புட்டுதான்."

"அப்போ ஒங்க கீபோர்ட சாக்குப்பைக்குள்ள வச்சு வாசிங்களேண்ணே."

"சரி, அத விடு. வால்நட்டு பாரம்னு நீதானே சொல்லுவ? தோள் ஒடஞ்சவனுக்குப் பாறாங்கல்லச் செஞ்சு மாட்டப் போறியா?"

"உள்ளுக்குள்ள கொடஞ்சு பாரத்தக் கொறைச்சிருவேன்" என்றாள். சொல்லிவிட்டாளே தவிர, அது அவளுக்கும் உறுத்தியது. பாரமில்லாத மரம் எத்தனையோ இருக்க, இவள் பிடிவாதமாக இதையே பிடித்துக்கொண்டாள். அவன் ஆசைப்பட்டுக் கேட்டது உலகத்தில் இது ஒன்றைத்தான். வேறெதைக் கொடுத்தாலும் அவன் நன்றி சொல்லி வாங்கி மூலையில் சாத்திவைப்பான் என்று பயந்தாள்.

பலகையில் ஈரம் இருந்தது. எத்தனையோ வருஷ அயன் ஆவி குடித்த பலகை, போதாததற்கு மலைக்குளிர். காய வைக்க வேண்டும். இங்கேதான் அனோஜா தன் புத்தியைக் காட்டினாள். பட்டறையில் மரம் காய வைப்பது வேறு பகுதி. அவள் கைக்கு வருவதெல்லாம் காய்ந்த மரம்தான். காய வைப்பது என்றால் அவளுக்குத் தெரிந்தது ஒரே முறை, அப்பா பார்த்த வேலை. அப்பாவோடு கூட நின்ற வீரய்யா இன்னும் அதே மாடியில்தான் இருந்தார்.

"வீரய்யா மாமா, ஓரத்துத் தொட்டியில இதக் கொஞ்சம் போட்டு வைங்களேன்."

"கொழுந்தே ஒரு ராவுல வாடிருது, பலகைக்கு என்னா கேடு? போட்டுட்டுப் போ" என்றார் வீரய்யா. அவர் பாவம், தேயிலைக்காரர்.

ஒரு வாரம் முழுக்கக் கீழேயிருந்து சுடுகாற்று அடித்தது. அனோஜாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தினமும் மலையேறிப் போய்த் தொட்டுப் பார்த்தாள். வாரக் கடைசியில் பலகை வெதுவெதுப்பாக, தூக்கினால் இலேசாக இருந்தது. கொழுந்தைக் கையில் அள்ளிப் பிசைந்து பார்க்கிறவர்களின் மகள் அல்லவா, தடவிப் பார்த்துவிட்டு, "வாடிருச்சு மாமா" என்று தீர்ப்புச் சொன்னாள். பலகை குழிந்திருந்தது உண்மைதான். காற்றுப் பட்ட கீழ்ப்பக்கம் சுருங்கி, நடு பள்ளமாகியிருந்தது. அதற்கென்ன, இழைத்தால் போச்சு. அன்றைக்கே அறுத்து, அன்றைக்கே இழைப்புளி போட்டுக் கண்ணாடி மாதிரித் தட்டையாக்கிவிட்டாள். தரையெல்லாம் சொக்லேட் சுருள். தும்மித் தும்மி மூக்குச் சிவந்தாலும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்று நாள் ஹட்டனை மூடுபனி மூடியது. பனி கலைந்தபோது இரண்டு பலகையும் எதிர்ப்பக்கம் வளைந்திருந்தன. ஒன்றில் முனையிலிருந்து விரல் நீளத்துக்கு வெடிப்பு. ஒரு பக்கம் மட்டும் காய்ந்த மரம், மறுபடி ஈரம் குடித்துத் தன் பாட்டுக்குத் திரும்பியிருந்தது. அனோஜா பலகைகளை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, வெட்கத்தை விட்டு அழுதாள். மறுபடி தட்டையாக்கினால் மிஞ்சுவது இரண்டு மெல்லிய பலகை. ஒட்டினால் காய்கறி நறுக்கலாம், பேஸ் செய்ய முடியாது.

சத்தம் கேட்டு பிரதாப் வந்தான். பலகையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"வாடின கொழுந்தக் கொண்டு போயி பனியில பரப்புவாங்களா?" என்றான்.

"இத முன்னமே சொல்றதுக்கு என்னா?"

"நீ எங்க கேட்ட? பலகையோட போன, பலகையோட வந்த. எதுக்குன்னுகூட எங்கிட்டச் சொல்லல."

"ஒங்களுக்குத்தான்!" என்று கத்தினாள். "எல்லாம் ஒங்களுக்குத்தான். வால்நட்டு. நீங்கதானே கேட்டீங்க?"

அவன் பலகைகளை வலது கையால் ஒவ்வொன்றாக எடுத்து, இரண்டு பக்கமும் காற்றுப் படும்படி சுவரோரம் நிமிர்த்தி வைத்தான். "வளையுற மட்டும் வளையட்டும். ஓய்ஞ்ச பெறகு தொடு" என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றைக்குப் பேசியதுதான் விபத்துக்குப் பிறகு அவன் பேசிய ஆக நீளமான பேச்சு.

காத்திருப்பது அனோஜாவுக்குத் தண்டனை. திருவிழாவுக்குப் பந்தல்கால் நட்டுவிட்டார்கள், பலகையோ சுவரில் சாய்ந்து ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. திருத்த வந்த கிட்டார்களை எல்லாம் முடித்தாள். முடித்ததை மறுபடி துடைத்தாள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி, பூட்டத் தெரியாமல் விழித்தாள். நிமிஷத்துக்கொரு தரம் பலகை பக்கம் போய் வந்தாள். "காய்ச்சல்காரப் பிள்ளைய மாதிரி தொட்டுத் தொட்டுப் பாக்காத" என்று பிரதாப் அதட்டினான். கடிகாரத்தைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரித்து எத்தனை மாதம் ஆகிறது என்று யோசித்தபடி அவள் கரண்டியால் கறியைக் கிளறிக்கொண்டே இருந்தாள். கறி குழைந்துபோனது.

இழைத்தால் மெல்லிசாகும் இரண்டு வால்நட் பலகைக்கும் நடுவில் வைக்க வேறு மரம் வேண்டும். நன்றாகக் காய்ந்ததாக வேண்டும். தயங்கித் தயங்கி வீரய்யாவிடமே போனாள். நடந்ததைக் கேட்டு அவருக்கு மிகவும் சங்கடமாகிவிட்டது. மாடியின் மூலையில் கழற்றிப் போட்டிருந்த, கொழுந்து பரப்பிய பழைய தட்டுகளின் சட்டத்திலிருந்து ஒரு தடித்த கட்டையை இழுத்தார்.

"சபுக்கு மரம். நம்ம மலையில தேயிலைக்கு நெழலுக்கு நிக்குமே, அதுதான். நான் வேலைக்கு வந்த நாள்ல இருந்து இந்தக் காத்துலயே நிக்குது. இது வாடலைன்னா எதுவும் வாடல."

அதைப் பிளந்து ஒட்டி, நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒரு கட்டையை மட்டும் விட்டு, இருபுறமும் சன்னல் சட்டமாகக் குடைந்தாள். வெடித்த முனையை வடிவத்துக்கு வெளியே தள்ளி, ஓய்ந்துபோன வால்நட்டை மறுபடி இழைத்து அடியிலும் மேலுமாக ஒட்டினாள். இந்தத் தடவை பசையையும் அவசரப்படுத்தவில்லை. பழைய கழுத்தையும் கம்பிகளையும் பூட்டி முடித்ததும் முதல் வேலையாகத் தொழிற்சாலைக்குத் தூக்கிப் போய்க் கொழுந்துத் தராசில் தொங்கவிட்டாள்.

"தண்ணிக்கும் சாக்குக்கும் எம்புட்டுக் கழிக்க?" என்று, கொழுந்து எடுக்கும் பெண்களின் எடையில் கழிக்கிறவர்களைப் போலக் கேட்டு, வீரய்யா கண்ணைச் சிமிட்டினார்.

"எங்கம்மாகிட்டக் கழிச்சதே போதும் மாமா. உள்ளபடி சொல்லுங்க."

பழைய பேஸைவிட ஒரு கோழியின் எடை குறைவாக இருந்தது. அனோஜாவுக்குச் சந்தோஷம் பாதிதான். பக்கவாட்டில் பார்த்தால் இரண்டு கருப்புக்கு நடுவே சபுக்கு வெளிறிய பட்டையாகத் தெரிந்தது. அவன் கேட்டது வால்நட். இவள் கொண்டுபோவது பாதி வால்நட், பாதி தோட்டத்து நிழல்மரம். சத்தம் எப்படி வரும் என்று தெரியாது. தானே சுண்டிப் பார்க்கப் பயந்துகொண்டு அப்படியே உறையில் போட்டாள்.

திருவிழாவுக்கு முதல்நாள் மத்தியானம் கோவில் மடத்தில் ஒத்திகை. "கேக்கவாவது வாங்க" என்று பிரதாப்பை இழுத்துப் போயிருந்தாள். அவன் ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்தான். கஜேந்திரன் வலது கையால் பாட்டும் இடது கையால் பேஸுமாக வியர்த்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்த இடைவெளியில் அனோஜா உறையைத் திறந்து பேஸை அவன் மடியில் வைத்தாள். வைத்துவிட்டு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

பிரதாப் பக்கவாட்டைத் திருப்பிப் பார்த்தான். "நடுவுல என்னா வெள்ளையா?"

"சபுக்கு."

"நம்ம சபுக்கா?"

"நம்ம சபுக்குத்தான். பலகைய நான் கெடுத்துட்டேன். பத்தல" என்றாள்.

அவன் தாடையை மேல்கொம்பில் ஒட்டிவைத்து, தடித்த கம்பியைச் சுண்டினான். கண்ணை மூடிக்கொண்டான். மறுபடி சுண்டினான். கொட்டுக்காரர் கொட்டைத் தட்டுவதை நிறுத்திவிட்டார்.

"பேசுது" என்றான் பிரதாப். "அன்னைக்குக் கேட்டது மாதிரி இல்ல. கொஞ்சம் மூச்சு விட்டுப் பேசுது."

அது நல்லதா கெட்டதா என்று அனோஜாவுக்குப் புரியவில்லை. கேட்கவும் பயம். அவன் ஒலிபெருக்கிப் பெட்டியின் வயரை பேஸில் செருகினான். மெதுவாக எழுந்து வாரைத் தலைக்கு மேலாகப் போட்டான். வார் இறங்கியதும் முகம் சுண்டியது. அவளுடைய கை இரண்டும் முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று பிசைந்தன. இதோ கழற்றப் போகிறான், இதோ கழற்றப் போகிறான் என்று மனம் அடித்துக்கொண்டது.

"அனோ, இங்க வா" என்றான். "வாரு எலும்பு மேல ஏறுது. சரி பண்ணி விடு."

"நானா?"

"பின்ன யாரு?"

அவள் போய் வாருக்கு அடியில் கையை விட்டாள். சட்டைத் துணிக்குக் கீழே தோல், தோலுக்குக் கீழே தகடு, தகட்டின் முனையில் ஒரு மேடு, அதையடுத்து எலும்பு கோணலாகச் சேர்ந்த இடம். விரல் எல்லாவற்றையும் படித்தது. அவன் நடுங்கினான், ஆனால் விலகவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு மேட்டைக் கண்டதும் தேய்த்துவிடத் துடிக்காமல் அவளுடைய விரல் நின்றது அன்றைக்குத்தான். வாரைக் கழுத்துப் பக்கமாக நகர்த்தி, எலும்புக்கும் வாருக்கும் நடுவில் தன் உள்ளங்கையை வைத்தாள்.

"வாசிக்கப் போறீங்கன்னா கைய எடுத்துர்றேன்."

"இருக்கட்டும். மொதல் பாட்டுக்கு இருக்கட்டும்" என்றான் பிரதாப்.

கொட்டுக்காரர் தாளம் எடுத்துக் கொடுத்தார். கஜேந்திரன் கீபோர்டிலிருந்து இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.